பெரட்டுக் களத்தில் ஒரு கொசுறு

மலாயாவில் பெடாஸ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வள்ளிநாயகிக்கு வாய் நீளம் என்று பெயர். கங்காணியே அவளிடம் பேசுமுன் ஒருமுறை யோசிப்பார். எங்களைப்போல அவளும் பால்மரம் வெட்டித்தான் பிழைத்தாள். சயாம் ரயில் போடப் புருஷனைப் பிடித்துப்போன ஜப்பான்காரன் திருப்பி அனுப்பவில்லை. ஒற்றை ஆள் சம்பளம் போதாமல் பணியாரம் சுட்டு விற்றாள், நன்றாக விற்றது. அதோடு நின்றிருந்தால் அவளைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் வளரும் பிள்ளைகள் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க மட்டுமே பிறந்தவர்களா என்று அவளுக்கு ஒரு கோபம் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் வயசுப் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். வேலை முடிந்த பிற்பகலில் தண்ணீர்க் குழாயடியில் பாடம் நடக்கும். நீலாவதிக்குப் பணியாரம், தங்கராஜுவுக்கு அவித்த கடலை, சந்திரனுக்கு மரவள்ளிக்கிழங்கு. ஒருவர் விற்பதை இன்னொருவர் விற்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

"ஒன் பணியாரத்த மொதல்ல நீயே தின்னு பாருடி. ஒனக்கே எறங்கலன்னா ஊருக்கு எப்படி எறங்கும்?" என்பாள். பிறகு மூவரையும் பார்த்து, "அளந்து போட்டப்புறம் கொசுறு போட மறக்காதீங்க. அளந்தது அவங்க காசுக்கு. கொசுறுதான் நாம குடுக்குறது" என்று சொல்லாத நாளில்லை. கங்காணி 'வியாபார காலேஜு' என்று கேலி செய்வார். கேலி செய்துவிட்டு அங்கேயே கடலை வாங்கித் தின்பார்.

அப்புறம் அவசர காலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். கேட்டில் துப்பாக்கியோடு போலீஸ் நின்றது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாதாம். அதனால் தின்கிற பொருள் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வெறும் வயிற்றோடு யாரால் மரம் வெட்ட முடியும்? விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே வாங்கி, அங்கேயே தின்று முடித்துவிட்டுப் போகத் தோட்டத்துத் துரை சம்மதித்தார். பிள்ளைகளின் வியாபாரம் சூடு பிடித்தது அப்போதுதான். ஆனால் யார் முகத்திலும் சிரிப்பில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்ப் போத்தலில் சோறு வைத்திருந்தான் என்று ஒருவனைப் பிடித்துப்போனார்கள். எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியவில்லை. ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்றும் பேச்சு. கேட்டை நெருங்கும்போதெல்லாம் ஒன்றும் இல்லாத மடியை நான் தடவித் தடவிப் பார்ப்பேன்.

அன்று வரிசையில் எனக்கு முன்னால் முனியாண்டி நின்றான். நீலாவதியிடம் பணியாரம் வாங்கி என் கண்ணெதிரே தின்று முடித்தவன். போலீஸ்காரர் அவன் வேட்டி மடிப்பைப் பிரித்தார். உள்ளே ஒரு பணியாரம் இருந்தது.

அது கொசுறு. கொசுறை யாரும் உடனே தின்பதில்லை. வெட்ட ஒதுக்கிய நிரையில் பாதி மரம் வெட்டியதும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்வதற்காக மடியில் செருகிக்கொள்வது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். காசு கொடுத்து வாங்கியதை ஞாபகமாகத் தின்றவன், கை தானாகச் செருகியதை மறந்துவிட்டான்.

விலங்கு போட்டுக் களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்தார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர் கனகசுந்தரம் மொழிபெயர்த்தார். அதிகாரி கேட்டதெல்லாம் ஒன்றுதான். அரிசியும் சீனியும் ரேஷனில் இருக்கும்போது யார் சும்மா உணவு கொடுப்பார்கள்? சும்மா கொடுத்தது என்றால் அது காட்டுக்குத்தான்.

"கொசுறுங்க சார், சத்தியமா கொசுறுங்க" என்று முனியாண்டி அழுதான். கிராணி அதை என்னென்னவோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்தவளையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

நீலாவதி தட்டைப் பிடித்தபடி சிலையாக நின்றாள். அப்போது வள்ளிநாயகி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, அந்தப் புள்ளைங்ககிட்ட இந்தப் போலீஸ் தொரைய வாங்கிப் பாக்கச் சொல்லுங்க. மூனும் கொசுறு போடும். நான் சொல்லிக் குடுத்த கை."

கிராணி சொன்னதும் அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வள்ளிநாயகி வாயைத் திறக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது என்று அவளைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். "ஒண்டும் கதையாதையும் பிள்ளை, உம்மையும் கொண்டுபோயிடுவினம்" என்று கிராணி மெல்லச் சொன்னார்.

அவள் கணக்கில் ஒரு பிசகு. பிள்ளைகளின் பழக்கத்தை நம்பினாளே தவிர பயத்தை மறந்துவிட்டாள். கொசுறு என்ன செய்யும் என்பது விலங்கோடு எதிரில் நிற்கிறதே!

அதிகாரி முதலில் தங்கராஜுவிடம் காசை நீட்டினார். தங்கராஜு டப்பாவில் கடலையை அளந்தான், மேலே ஒரு தடவு தடவிச் சமமாக்கினான், காகிதத்தில் கொட்டிக் கொடுத்தான். ஒரு கடலைகூட அதிகமில்லை. கிராணி கண்ணை மூடிக்கொண்டார். சந்திரன் கிழங்கை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முனியாண்டியின் பெண்டாட்டி களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியாக நீலாவதி. போட்டால், "ஆமாம், நான்தான் சும்மா கொடுக்கிறவள்" என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி. போடாவிட்டால் மற்ற இருவரையும்போல அவளும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கலாம், முனியாண்டி பொய்யன் என்று முடிந்துவிடும். இலையில் நாலு பணியாரம் வைத்தாள். மடிக்கப் போனாள். கை நின்றது. ஜீப்பைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து மேலே வைத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி இலையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மேலே இருந்ததைத் தனியாக எடுத்துக் காட்டி, இதற்குக் காசு வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நீலாவதி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அதை வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவர் மென்று முடிக்கும்வரை எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. பிறகு விலங்கைக் கழற்றச் சொன்னார். இனிக் களத்தில் யாரும் எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பிற்பகல் குழாயடிக்குத் தங்கராஜு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"பயந்துட்டேங்க்கா. கை வரல."

வள்ளிநாயகி அவனைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என் கையில தட்டு இருந்திருந்தா நானும் போட்டிருக்க மாட்டேன்டா" என்றாள். பிறகு வழக்கமாகத் தான் உட்காரும் கல்லை விட்டு எழுந்து, பிள்ளைகளோடு தரையில் வந்து உட்கார்ந்தாள். "நீ சொல்லு நீலாவதி. எப்படிடி போட்ட?"

"நான் போடலன்னா முனியாண்டி அண்ணன் பொய் சொன்னதா ஆயிடும்லக்கா."

கொசுறு போட்ட நீலாவதியின் கையை வள்ளிநாயகி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.