புளிப்பை மறைத்த பழம்

என் மனைவிக்குச் சீனி வருத்தம் வந்தபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை. நான் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். இருவரும் வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். அவளுடையதில் எப்போதும் சீனி தூக்கலாக இருக்கும். கிளினிக்கில் சீனியை நிறுத்தச் சொன்ன பிறகு அந்தத் தேத்தண்ணியை அவள் மருந்து போல ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோவாள்.

"வாய் செத்துப்போச்சுங்க" என்பாள். அதற்கு மேல் புலம்பமாட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே பித்து பழச்செடிகள். அதன் காரணம் எனக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓர் ஆனைக்கொய்யா மரம் வைத்திருந்தார். அது காய்க்கத் தொடங்கிய வருடம் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து அடியோடு வெட்டிப்போட்டார்கள். லயத்து மண்ணில் கீரை போடலாம், மிளகாய் போடலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் நின்றால் நாளைக்கு மண்ணையும் சொந்தம் என்று கேட்பார்கள் என்று ஆபீசுக்குப் பயம். வெட்டிய கிளைகளிலிருந்து பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு அழுததை அவளே சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுடைய தம்பி கைக்குழந்தை.

கல்யாணத்துக்குப் பிறகு, பசறைக்கு மேலே, தோட்ட எல்லைக்கு வெளியே ஒரு சரிவில் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினோம். சுவர் பூசும் முன்பே அவள் செடி வைக்கத் தொடங்கிவிட்டாள். கொய்யாவும் தோடையும் அவளுக்குப் போதவில்லை. யாரும் பார்த்திராத பழங்கள் வேண்டும். அடிமரத்திலேயே கறுப்புத் திராட்சை போலக் காய்க்கும் ஜபோட்டிகாபா, முள்முள்ளாய் மஞ்சளாகப் பழுக்கும் ரொலினியா, பேர் என் வாயில் நுழையாத இன்னும் பல. அரிய பழச்செடி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். கேகாலையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ யாராவது கன்று கொடுத்தால் பதுளை பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏற்றிவிடுவார்கள். அவள் ஸ்டாண்டில் போய் நின்று, குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு வருவாள்.

விற்பவர்கள் பேர் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. அதனால் எந்தக் கன்று வந்தாலும் முதலில் இலையை வெளிச்சத்தில் பிடித்து நரம்பைப் பார்ப்பாள். கசக்கி முகர்வாள். காம்பைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பார்ப்பாள். கறுப்பு சப்போட்டா என்று வந்த ஒரு கன்றை மாதக்கணக்கில் சந்தேகப்பட்டு, கடைசியில் காட்டுப் பனிச்சை என்று கண்டுபிடித்தாள். குழுவில் மற்றவர்கள் அனுப்பும் இலைப் படங்களுக்கும் அவள்தான் பெரும்பாலும் பேர் சொல்வாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் லத்தீன் பேர்களைத் தப்பில்லாமல் தட்டச்சு செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

மிராக்கிள் புரூட் செடியும் அப்படித்தான் வந்தது. இடுப்பளவுச் செடி. புளிப்புத்தன்மை உள்ள மண்தான் வேண்டுமாம் அதற்கு. தேயிலை வளரும் மண் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பல வருடம் சும்மா நின்றுவிட்டு ஒரு மழைக்காலம் முடிந்ததும் கோப்பிப் பழம் அளவில் சிவப்பாகக் காய்த்தது. முதல் பழத்தை எனக்குத் தந்தாள். கொட்டையைச் சுற்றிக் கொஞ்சம் சதை, பெரிய ருசி ஒன்றுமில்லை. நன்றாக நாக்கில் உருட்டச் சொல்லிவிட்டு புளிக்கும் தேசிக்காய்த் துண்டு ஒன்றை நீட்டினாள்.

"கடிங்க."

கடித்தேன். தேன் போல இருந்தது.

நான் முழித்த முழியைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பழத்துக்குத் தனி இனிப்பு கிடையாது. அதைத் தின்ற பிறகு கொஞ்ச நேரத்துக்குப் புளிப்பெல்லாம் நாக்குக்கு இனிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அவள் ஒரு பழத்தை உருட்டிவிட்டுத் தேசிக்காயைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். சிரிப்பு நின்று, கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது.

"சீனி இல்லாத இனிப்புங்க. யாரும் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது."

எங்கள் நிலத்தின் மூலையில் ஒரு காமரங்காய் மரம் நின்றது. நாங்கள் வைத்ததில்லை, நிலத்தோடு வந்தது. நீளமாக ஐந்து விளிம்போடு காய்க்கும். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். பல் கூசும் புளிப்பு என்பதால் யாரும் தின்பதில்லை; விழுந்து அழுகிக் கிடக்கும். இப்போது அதற்கும் காலம் வந்தது. அவள் ஒரு சிவப்புப் பழத்தை நாக்கில் உருட்டிவிட்டுக் காமரங்காயைச் சாறு பிழிந்து குடிக்கத் தொடங்கினாள். பிரஷருக்கும் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். செடி நிறையப் பழம் இருந்த அந்த நாட்களில், காலையில் வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் நிறையச் சாறு.

ஒரு சனிக்கிழமை விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. "தம்பி நெனைக்கிறான் போல" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுடைய தம்பி வெலிமடையில் மரக்கறி மண்டி ஒன்றில் வேலை செய்கிறான். மறுநாளும் விக்கல் நிற்கவில்லை. தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. மத்தியானம் நான் ஒரு கன்றின் இலையைக் கிள்ளிக்கொண்டுபோய் அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று, "இது என்ன, சொல்லு பாப்போம்" என்றேன். இலையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்றாள்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் பசறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து அம்பியூலன்சில் பதுளைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே வலிப்பு வந்தது.

வார்டில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், இளவயது. இரத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"கிட்னி ரெண்டும் நல்லாப் பழுதாப் போயிருக்கு. இது நேற்று முந்தநாள் வந்ததில்லை, சீனியால கனகாலமா நடந்திருக்கு. ஆனா இந்த விக்கலும் வலிப்பும் திடீரெண்டு வந்திருக்கு. ஏதாவது நாட்டு மருந்து, பச்சிலை குடிச்சவவோ?"

"பச்சிலை இல்லைங்க டொக்டர். வீட்ல வெளிநாட்டுப் பழச்செடி நெறைய வச்சிருக்கா. அதுல வர்றதத் தின்னுவா."

"என்னென்ன செடி?"

எனக்கு நாலைந்து பேர்தான் வந்தது. மிராக்கிள் புரூட்டைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. "எல்லாத்தையும் படமெடுத்துக்கொண்டு வாங்கோ. பேர் தெரிஞ்சால்தான் நான் தேடிப் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு ஓடினேன். என் மைத்துனன் ஏற்கெனவே வெலிமடையிலிருந்து வந்து முற்றத்தில் நின்றான். நான் ஒவ்வொரு செடியாகப் படமெடுக்க, அவன் பின்னாலேயே வந்தான்.

"மச்சான், இந்தப் பேய் மரத்தையெல்லாம் வைக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்? எந்த நாட்டு வெசமோ!"

"மொதல்ல அவ பொழைக்கட்டும்ப்பா" என்றேன்.

அவளுடைய போனிலிருந்தே படங்களைக் குழுவுக்கு அனுப்பி, நடந்ததை எழுதினேன். திரும்பும் பஸ்ஸில் பதில்கள் வரத் தொடங்கின. வளைவுகளில் சிக்னல் போவதும் வருவதுமாக இருந்தது. முகம் தெரியாதவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் பேர் எழுதினார்கள். இது விஷமில்லை, அது விஷமில்லை, இதன் கொட்டையை மட்டும் தின்னக் கூடாது. பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் மலேசியாவிலிருந்து ஒரு பெண் அனுப்பிய குரல் பதிவைக் காதில் அழுத்திக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன்.

"அண்ணா, அந்த சிவப்புப் பழம் ஒண்ணும் பண்ணாது. ஆனா அதச் சாப்பிட்டுட்டு புளிப்பா என்ன சாப்பிட்டாங்க? எங்க ஊர்ல கிட்னி சரியில்லாதவங்க நட்சத்திரப் பழத்தத் தொடவே கூடாதுன்னு சொல்வாங்க. அது ஏதும் சாப்பிட்டாங்களா?"

காமரங்காய் மரத்தை நான் படமெடுக்கவே இல்லை. அதை எதற்கு எடுக்க வேண்டும், ஊரெல்லாம் நிற்கும் மரம்.

ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போதே டொக்டரைத் தேடினேன். காமரங்காய் என்றதும் அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"எவ்வளவு குடிச்சவ?"

"தெனமும் காலையில. ஒரு பெரிய கிளாஸ்."

"அவ்வளவு புளிப்பை எப்பிடிக் குடிச்சவ?"

சொன்னேன். "அந்தப் பழம் புளிப்பை மறைச்சுப்போட்டுது. இல்லாட்டி ஒரு மிடறுக்கு மேல குடிச்சிருக்க மாட்டா" என்றார். அன்றே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டார்கள்.

அவள் பிழைத்தாள். சில நாட்களில் விக்கல் நின்று, புத்தி தெளிந்து, என்னைப் பார்த்து, "செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாள். ஆனால் கிட்னி திரும்பவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை பதுளைக்கு வந்து மெஷினில் படுக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பழமும் டொக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, கேட்டைத் திறந்ததும் நானும் அவளும் அப்படியே நின்றுவிட்டோம். சரிவு மொட்டையாகக் கிடந்தது. நான் வார்டே கதியென்று கிடந்த நாட்களில் மைத்துனன் எல்லாவற்றையும் வெட்டிக் குவித்து எரித்திருந்தான். ஜபோட்டிகாபா, ரொலினியா, அந்தச் சிவப்புப் பழச் செடி, தொட்டிகளில் இருந்த சின்னக் கன்றுகள்கூட. மூலையில் காமரங்காய் மரம் மட்டும் காயோடு நின்றது. அது நம்மூர் மரம், அதை ஏன் வெட்ட வேண்டும் என்று விட்டிருக்கிறான். அதுதான் காரணம் என்று அவனுக்குச் சொல்ல எனக்கு அந்த நாட்களில் தோன்றவில்லை.

அவன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். "அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இனி உனக்கு ஒண்ணும் வராது" என்றான். முகமெல்லாம் அப்பாவித்தனம்.

அவள் நடந்துபோய், கருகிக் கிடந்த ஒரு அடித்தண்டைக் காலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா வச்ச மரத்த வெட்ட ஆபீஸ் ஆளுங்க வந்தாங்க. என் மரத்த வெட்ட நீ வந்தியா?"

அவனுக்கு விளங்கவில்லை. நான் காமரங்காயைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு அந்த மரத்தை நோக்கிப் போனான்.

"விடு. அது நிக்கட்டும். அது யாரையும் குடிக்கச் சொல்லல" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

அவன் மண்டி வேலையை விட்டுவிட்டுப் பசறைக்கே வந்து ஓட்டோ ஓட்டத் தொடங்கினான். மெஷின் நாட்களில் விடியும்போதே வாசலில் நிற்பான். அவள் ஏறிப் பின்னால் உட்காருவாள். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை இருக்காது. வேறு செடி வைக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "யாரு திங்கிறதுக்கு?" என்றாள். மெஷினில் படுத்திருக்கும்போது மட்டும், ஊசி ஏற்றாத கையில் போனை வைத்துக்கொண்டு குழுவில் வரும் படங்களுக்குப் பேர் எழுதுவாள். சீனி உள்ளவர்கள் கிட்னியைப் பார்க்காமல் காமரங்காயைத் தொடாதீர்கள் என்றும் அடிக்கடி எழுதினாள். பிள்ளை மடுவத்துக்குப் போய் அங்கே வரும் தாய்மாரிடமும் சொன்னாள்.

அடுத்த ஐப்பசி மழையில் பதுளை வீதியில் மண் சரிந்தது. ஒரு மெஷின் நாள் ஏற்கெனவே தவறியிருந்தது. அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது. மைத்துனன் மண்சரிவு வரை ஓட்டோவைக் கொண்டுபோனான். அதற்கு அப்பால் சேறும் பாறையும். ஒன்றும் கேட்காமல் முதுகைக் காட்டிக் குனிந்தான். நான் அவளைத் தூக்கி ஏற்றிவிட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பாதி வழியில் அவன் கால் வழுக்கியது.

"மெதுவாப் போடா" என்றாள் அவள். "விழுந்துறப் போற."

அவன் நின்றான். தோள் குலுங்கியது. அப்புறம் நடந்தான். மறுபக்கத்தில் நின்ற வேனில் ஏறிப் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தடவையும் தப்பித்தாள்.

ஆனால் இதயம் களைத்துவிட்டது. தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு காலையில், மெஷினில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள். போன் அவள் கையில்தான் இருந்தது.

எட்டாம் நாள் காரியம் முடிந்த மாலை குழுவுக்குச் செய்தி எழுதினேன். வரிசையாக இரங்கல்கள் வந்தன. மலேசியப் பெண் குரல் பதிவு அனுப்பி, பேச முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டாள். அவற்றுக்கு நடுவில், புதிதாகச் சேர்ந்த யாரோ, ஒன்றும் தெரியாமல், ஓர் இலையின் படத்தைப் போட்டுக் கேட்டிருந்தார்: இது என்ன செடி?

மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "பெருசாக்கிப் பாருங்க மச்சான்" என்றான். பெரிதாக்கினேன். இருவரும் வெகுநேரம் பார்த்தோம். பளபளப்பான இலை, சிவந்த காம்பு. எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அன்று வேறு யாரும் பதில் எழுதவும் இல்லை.