ஒரு முழம் குடல்

எண்பதுகளில் கல்முனைச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை டொக்டர் என்னிடம் வருவார். ஒல்லியான மனிதர். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். இறைச்சி கேட்கமாட்டார், கழுவிய குடல் ஒரு முழம் மட்டும் வாங்குவார்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன்: “டொக்டருக்குக் குடல் கறியெண்டா அவ்வளவு விருப்பமா?”

“தின்னுறதுக்கில்ல. வெட்டித் திருப்பித் தைச்சுப் பழகுறன்.”

“பெரிய படிப்புப் படிச்ச நீங்க இன்னும் என்னத்தப் பழகுறீங்க?”

அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “குடல் தைக்கிற புதுமுறைக்குக் கொழும்பில ரெண்டு நாள் வகுப்பு வெச்சாங்க. கதிரையில இருந்து கேட்டன். சேட்டிபிக்கட் தந்தாங்க. ஊசிய ஒருத்தரும் கையில தரல்ல. இஞ்ச வந்து அந்த முறையிலயே ஒராளுக்குத் தைச்சன். நாலாம் நாள் தையல் பிரிஞ்சு போச்சு.”

“பொறகு?”

“மவுத்தாகிட்டார்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்கட காக்காதான்.”

என் மூத்த சகோதரர் வயிற்று ஒப்பரேஷனுக்குப் பிறகு மவுத்தானபோது, அல்லாஹ்வின் நாட்டம் என்று அடக்கிவிட்டு வந்திருந்தோம். இத்தனை காலமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இறைச்சி வெட்டும் கத்தி என் கையில் இருந்தது. அவர் அசையாமல் நின்றார்.

அடுத்த வெள்ளியும் வந்தார். குடலை வழமையை விட நன்றாகக் கழுவிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. சந்தையில் இன்னும் நாலு இறைச்சிக் கடைகள் இருந்தன. மாற்றலாகிப் போகும்வரை அவர் அந்தக் கடைகளின் பக்கம் போனதேயில்லை.