வரிசையில் நின்ற போன்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஆட்டோ ஓட்டும் பெண் யார் என்று கேட்டால், யசோதராவின் வீட்டைக் கை காட்டுவார்கள். முதலில் அவள் கொருக்குப்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனியை மூடிய பிறகு, கணவன் பீம்ராவின் அண்ணன் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவை எடுத்துக்கொண்டாள். வண்டி அவள் கைக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. வழிதான் பழகவில்லை. தண்டையார்பேட்டைச் சந்துகளில் நுழைந்தால் நுழைந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்பாள். சவாரி திட்டிக்கொண்டே இறங்கிப் போகும்.

அந்தக் குறையைத் தீர்த்தது தண்டையார்பேட்டையில் ஒவைஸின் கடையில் வாங்கிய போன். தெருவின் பெயரைத் தமிழில் சொன்னால் போதும், அது தமிழிலேயே வழி சொன்னது. கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. வழியில் கேஸ் பங்க் எங்கே, மழைத் தண்ணீர் தேங்காத பாதை எது என்று எதைக் கேட்டாலும் பதில் வந்தது. "உன் மாமியாகூட இப்புடிப் பேச மாட்டா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கிண்டல் செய்தார்கள். யசோதரா பொருட்படுத்தவில்லை. குடியிருப்பில் எல்லோருமே ஒவைஸிடம்தான் போன் வாங்கினார்கள். எத்தனை முறை போய் நின்றாலும் முகம் சுளிக்காத ஆள் அவன். அவள் போனில் அவள் சேர்க்காத பெயர்களும் நம்பர்களும் சில இருந்தன. கடைக்காரன் இனாமாகப் போட்டுக் கொடுத்தவை என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு பிளம்பர் நம்பர் அவளுக்கு உபயோகமாகவும் இருந்தது.

அதே மாடியில் குடியிருந்த மகிமா ஒரு விடியற்காலையில் உதடு கிழிந்து, ஒரு கண் மூடிய நிலையில் அவள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய கணவன் வெற்றி மணலியில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அவன் அடிப்பது மாடி முழுவதற்கும் தெரியும். அடுத்த தடவை உயிரோடு இருக்க மாட்டேன் என்று மகிமா சொன்னாள். அதை அழாமல் சொன்னதால்தான் யசோதரா நம்பினாள். போன் எங்கே என்று கேட்டதற்கு, தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். தான் போகுமிடமெல்லாம் அவன் அதை வைத்தே தெரிந்துகொள்வான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

யசோதரா அவளை எர்ணாவூருக்குக் கூட்டிப் போனாள். மூடிக் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்த கெங்கம்மா, அங்கே சுனாமிக் குடியிருப்பில் ரேஷன் கடைக்குப் பின்னால் தனியாக இருந்தாள். சூலூர்ப்பேட்டையில் வேலை செய்யும் மகிமாவின் அக்கா, விடுதியிலிருந்து மாறி வாடகைக்கு ஓர் அறை பிடிக்கும் வரை மகிமா அங்கே இருப்பதென்று முடிவானது. மாற்றுத் துணியும் மாத்திரையும் கொடுக்க யசோதரா அடுத்தடுத்து அங்கே போய்வந்தாள். எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல் இருக்கும் இடம் என்பதால், ஒவ்வொரு முறையும் போனிடம் ரேஷன் கடை என்று வாய்விட்டுச் சொல்லித்தான் போனாள்.

அக்கா அறை பிடித்துவிட்டாள் என்று கெங்கம்மா தகவல் சொன்ன மறுநாள் காலை, யசோதரா படியிறங்கிக்கொண்டிருந்தாள். வெற்றி எதிரில் ஏறி வந்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்த முகம் இல்லை அது. யார்டுக்குத் திரும்பப் போக வேண்டும், சட்டை மாற்ற வந்தேன் என்று கேட்காமலேயே சொன்னான். பிறகு சிரித்தான்.

"இன்னா யக்கா, எர்ணாவூர்ல அப்டி இன்னா கீது? அடிக்கடி போய்க்கினு கீற?"

ஸ்கூல் சவாரி என்றாள் யசோதரா.

"ரேஷன் கடை பின்னாடி ஸ்கூலா? எனுக்குத் தெரியாம போச்சே."

அவன் மேலே போய்விட்டான். ரேஷன் கடையைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. பீம்ராவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பதற்றத்தில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆட்டோவைக் கிளப்பி, வழக்கம்போல் போனிடம் இடத்தைச் சொல்லி, நேராக எர்ணாவூர் போனாள்.

கெங்கம்மா வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் யோசிக்கத் தொடங்கினாள். அவனுக்குச் சொன்னது யார்? மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கெங்கம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். அப்போது மகிமா மெதுவாக, "யக்கா, உன் போனு?" என்றாள்.

யசோதரா ஒவைஸைப் போனில் கூப்பிட்டாள். அவன் முதலில் சாவகாசமாகத்தான் பேசினான். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் இறங்கிவிட்டது. குடியிருப்பில் யாருக்கும் ஈமெயில் கிடையாது. ஈமெயில் இல்லாமல் போன் வேலை செய்யாது. அதனால் அவனே ஒன்று உண்டாக்கி, அந்த பிளாக்குக்கு விற்ற போனிலெல்லாம் அதையே போட்டுக் கொடுத்திருந்தான். ஒருவர் சேர்க்கும் நம்பர் எல்லார் போனிலும் வந்தது அப்படித்தான். யாராவது பாஸ்வேர்டு மறந்து வந்து நின்றால் குழப்பம் வரக்கூடாதென்று, ஒவ்வொரு போனுக்கும் ஆளின் பெயரையும் வைத்திருந்தான்.

"நீ அதாண்ட சொன்ன எடமெல்லாம் அவன் மேப்லயும் வரும் யக்கா. உன் போன் இப்ப எங்க கீதுன்னும் அவன் பாக்கலாம்."

"அப்போ அவுனுத நான் பாக்கலாமா?"

பார்க்கலாம் என்றான் ஒவைஸ். பிறகு எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. மாடியில் இருப்பவர்கள், கீழ்வீட்டுக்காரர்கள், பீம்ராவ்கூட. 'வெற்றி' என்பதை அழுத்தினாள். பச்சைப் புள்ளி ஒன்று மணலியில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மறுபடி பார்த்தபோது புள்ளி யார்டைவிட்டு வெளியே சாலையில் இருந்தது. அதற்கடுத்துப் பார்த்தபோது திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

மகிமா ஏற்கெனவே துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சூலூர்ப்பேட்டை ரயில் எண்ணூரில் நிற்கும். அதில் ஏற்றிவிட்டால் போதும். ஆனால் இந்தப் போனை என்ன செய்வது? அணைத்துவிடட்டுமா என்று லைனில் இருந்த ஒவைஸிடம் யசோதரா கேட்டாள். அணைத்தால் கடைசியாக இருந்த இடம் அப்படியே நிற்கும், அது இந்த வீட்டு வாசல் என்றான் ஒவைஸ். இங்கேயே விட்டுப் போனாலும் இதே வாசல்தான், பிறகு கெங்கம்மா தனியாக அவனிடம் மாட்டுவாள். கையில் கொண்டுபோனால் ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போனதுபோல் ஆகும். யசோதரா புள்ளியைப் பார்த்தாள். கையில் போன் இருக்கும்வரை அவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் எங்கே என்பதும் அவனுக்குத் தெரியும்.

சுனாமிக் குடியிருப்புக்கு எதிரே எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஒன்றின்பின் ஒன்றாக நின்றிருந்தன. காலையில் நின்றால் சாயங்காலம்தான் காசிமேட்டைத் தாண்டும். அந்த வரிசையில் சுப்பராயனின் வண்டி நிற்பதை வரும்போதே பார்த்திருந்தாள். அவர் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் தினமும் பார்க்கும் மனிதர். மகிமாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஆட்டோவை டிரெய்லரின் பக்கத்தில் நிறுத்தினாள். முழுக்கதையைச் சொல்ல நேரமில்லை. ஒரு பெண்ணை அடிக்கிறவன் இதைத் தேடிக்கொண்டு வருவான், நீங்கள் இதை வைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டே இருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சுப்பராயன் போனை வாங்கி டேஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "வர்ட்டும். நமக்கும் பொழுது போவணுமே."

போனைக் கொடுத்த பிறகுதான் அவள் வழியை நினைத்துப் பார்த்தாள். பெரிய சாலையில் போனால் அவன் ஆட்டோவின் நம்பரையே பார்த்துவிடுவான். உள்பாதையில் போக வேண்டும். உள்பாதை அவளுக்குத் தெரியாது. எந்த முனையிலும் வழி சொல்லும் குரல் இல்லை. முதல் திருப்பம் ஒரு கம்பெனியின் சுவரில் போய் முட்டியது. பின்னால் எடுத்தாள். ஒரு பைக் சத்தம் நெருங்கி வந்தது; வெற்றி ஓட்டுவதும் பைக்தான். மகிமா சீட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாள். பால் கேன் கட்டிய பைக் அவர்களைத் தாண்டிப் போனது.

அடுத்த முனையில் மீன் அரிந்துகொண்டிருந்த பெண்ணிடம் எண்ணூர் ஸ்டேஷன் வழியைக் கேட்டாள். அவள் கத்தியாலேயே காட்டினாள். வேப்பமரம், பிறகு மூடிய சினிமாக் கொட்டகை, பிறகு தண்டவாளத்தை விடாமல் போ. யசோதரா அதையே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். வேப்பமரம் வந்தது. கொட்டகை வரவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது, இடித்த கட்டடத்தின் வாசல் வளைவு மட்டும் தெரிந்தது. அதுதான்.

அவர்கள் மேம்பாலப் படியில் ஏறும்போதே ரயில் வந்துகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் கூட்டம். மகிமா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"யக்கா, போய் சேந்துட்டேன்னு எப்புடிச் சொல்றது?"

"சொல்லாத. என் போனுக்குப் பண்ணவே பண்ணாத."

ரயில் போன பிறகும் யசோதரா சிறிது நேரம் அந்த நடைமேடையிலேயே இருந்தாள்.

திரும்பி விரைவுச் சாலைக்கு வந்தபோது சுப்பராயனின் டிரெய்லர் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் வெற்றியின் பைக் சாய்ந்து கிடந்தது. அவன் டிரைவர் பக்கத்துப் படியில் ஏறி நின்றுகொண்டு, தன் போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தான். உள்ளே டேஷ்போர்டில் அவளுடைய போன் விடாமல் அலறியது. தொலைந்த போனைக் கண்டுபிடிப்பதற்கென்று வைத்திருக்கும் சத்தம் அது. சுப்பராயன் மடியில் வீல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, காது கேட்காதவர்போல் முன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னாலும் பின்னாலும் நின்ற வண்டிகளிலிருந்து டிரைவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வெற்றி அவளைப் பார்த்ததும் கீழே குதித்தான். ஆட்டோவின் பின்சீட்டை எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

"எங்க வுட்ட அவள?"

அவன் கை ஆட்டோவின் கம்பியில் இருந்தது. யசோதரா அந்தக் கையைத்தான் பார்த்தாள். பிறகு டிரெய்லரைக் காட்டினாள்.

"அதக் கேளு. எல்லாத்தயும் உனுக்கு அதானே சொல்லுது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெற்றி திரும்பினான். சுப்பராயன் கதவைத் திறந்து, ஸ்பேனரோடு மெதுவாகக் கீழே இறங்கினார். "இன்னா நைனா, டயர் மாத்தணுமா?" என்றார். வெற்றி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "சாயங்காலம் வூட்டுக்குத்தான வருவ" என்று சொல்லிவிட்டு பைக்கைத் தூக்கினான்.

வருவாள்தான். அது அவளுக்கும் தெரியும். அன்று சாயங்காலமே பீம்ராவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் சுப்பராயனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு ஒவைஸின் கடைக்குப் போனாள். அவன் வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். மன்னிப்பு கேட்க ஆரம்பித்தான். வேலையைப் பார் என்றாள். பழைய ஈமெயிலை எடுத்துவிட்டு அவள் பெயரிலேயே ஒன்று உண்டாக்கினான். பிளம்பர் நம்பர் போய்விட்டது. பாஸ்வேர்டு போடச் சொல்லி போனை நீட்டியவன், தானே எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். அவள் நிதானமாக அழுத்தினாள்.

இடம் காட்டும் வசதியை நிறுத்திவிடவா என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான். நிறுத்தினால் சவாரி வராது, வழியும் தெரியாது. இருக்கட்டும் என்றாள்.

போன் தன் பழைய குரலில், வீட்டு முகவரியைச் சேர்க்கவா என்று கேட்டது. யசோதரா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டின் முகவரியைச் சொன்னாள்.