அத்தை என் கனவில் வரவில்லை

என் மாமியார் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சிதம்பரத்திலிருந்து அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, காலையிலேயே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படியில் இருந்த எனக்கும் கேட்டது.

"தம்பி, அம்மா கனவுல வந்தாங்கடா. வாசல்லயே நின்னாங்க. உள்ள வாம்மான்னா வரல. பசிக்குதுடின்னாங்க. விடியக்காலத்துல கண்டது, சும்மா போவாது."

தோசையைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். இறந்துபோனவர் பசிக்கிறது என்று சொன்னால் அது இனிமேல் எப்படிப் பலிக்கும்? அது ஒரு புகார். யார் மேல் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். அத்தைக்கு ஒன்றரை வருடம் சாப்பாடு கொடுத்தவள் நான்.

சாப்பாடு என்று சொல்வதே தப்பு. பக்கவாதம் வந்த பிறகு அத்தைக்கு விழுங்க வரவில்லை. ஒரு வாய் சோறு கொடுத்தாலும் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி, டாக்டர் மூக்கில் குழாய் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார். கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் எதுவானாலும் டீ வடிகட்டியில் திரும்பத் திரும்ப வடிகட்ட வேண்டும். ஒரு திப்பி போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை உயர்த்தி, பெரிய சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அதன் பிறகும் அவர் சரிந்து படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் முதலில் லீவு கேட்டேன், பிறகு வேலையையே விட்டேன்.

அத்தைக்குப் பேச்சும் போய்விட்டது. கனவில் மட்டும் கணீரென்று பேசினாராம்! எங்கள் வீட்டில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரு கை. அந்தக் கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தாகம் என்றாலும் தட்டுவார், துணி ஈரமானாலும் தட்டுவார், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் தட்டுவார். வளையல் இரும்பில் படும் சத்தம் கேட்டதும் பக்கத்து அறையிலிருந்து எழுந்து ஓடுவேன். இரண்டாவது தட்டு விழ விட்டதில்லை.

வீட்டில் நெத்திலிக் குழம்பு கொதித்தால் அத்தையின் முகம் அடுப்படிப் பக்கம் திரும்பும். விரல் நுனியில் குழம்பைத் தொட்டு அவர் உதட்டில் தடவுவேன். நாக்கால் துழாவிவிட்டு என்னையே பார்ப்பார். அவருக்குப் பசி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வயிறு நிறைந்தும் அடங்காத சோற்றுப் பசி. அதைத் தெரிந்துகொள்ளக் கனவு காண வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் போதும்.

அண்ணியும் வருவார், இல்லையென்று சொல்லவில்லை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பை ஆப்பிளோடு வருவார். மூக்கில் குழாயோடு கிடப்பவருக்கு ஆப்பிள்! அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். நான்கு மணி அடித்தால், "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஏதோ காடு இருப்பது மாதிரி.

கனவில் பாம்பு கடித்தால் பீடை போகும், பல் விழுந்தால் ஆகாது, கல்யாணத்தைக் கண்டால் சாவு வரும் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் செத்தவர் வாயில் வார்த்தையை வைத்து உயிரோடு இருப்பவளைக் குத்துவது என்ன நியாயம்? சரி, கனவுக்கு அர்த்தம் உண்டென்றே வைத்துக்கொள்வோம். கண்டவருக்குத்தானே அந்த அர்த்தம்? அம்மா அண்ணி வீட்டு வாசலில் நிற்கிறார், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அதற்கு விளக்கத்தை என்னிடமா கேட்பது?

குறிஞ்சிப்பாடியிலிருந்து அத்தையின் தங்கை வந்து, பசி என்று வந்தால் படையல் போட்டே ஆக வேண்டும் என்றார். சமைத்தது யார்? நான்தான். நெத்திலிக் குழம்பு வைத்து, இலை போட்டு, மதில் மேல் சோறு வைத்ததும் காக்கை பாய்ந்து வந்தது. "எவ்ளோ பசி பாரு" என்று அவரும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வராமல் இருந்திருந்தால் கோபம் என்றிருப்பார்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் சின்ன அத்தை என்னிடம் கேட்டார்: "ஒன் கனவுல வந்தாங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா? நீதான பாத்துக்கிட்ட. மனசுல இன்னா கொறையோ, அதான் வரல."

அண்ணி ஒன்றும் சொல்லாமல் இலையை மடித்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

எல்லோரும் போன பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "குழாயில குடுத்தது ஒருவேள பத்தலையோ?" கூடவே இருந்த மனிதர், கஞ்சி வடிகட்டியதைத் தினமும் பார்த்தவர், அக்காவின் ஒரு கனவுக்கு முன்னால் தன் கண்ணையே நம்பவில்லை. ஊர் சொன்னதைத் துடைத்துப் போட்டுவிடலாம், இவர் கேட்டதை என்ன செய்வது? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சிதம்பரத்தில் துணைக்கு இருக்க ஆள் வேண்டும் என்றார்கள். அம்மாவைப் பட்டினி போட்டவளைத்தான் மகளுக்கும் கஞ்சி வைக்கக் கூப்பிட்டார்கள். போனேன். சொட்டு மருந்து விட்டேன், சமைத்தேன், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது அண்ணி என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ராத்திரி திடீர்னு எழுந்து எங்க போன? நான் கூப்ட்டது காதுலயே விழல. இருட்டுல ஃபிரிட்ஜ் மேல போய் மோதிக்கிட்டு நின்ன."

டம்ளரை அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

"இது ஜாஸ்தியாவறதுக்குள்ள மந்திரிச்சிக் கயிறு கட்டணும். அம்மாவுக்கு ஒம்மேல ஏதோ வருத்தம் இருக்கு."

அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்! இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. அவுங்க கட்டிலத் தட்டுற சத்தம் கேக்குது, நான் எழுந்துடறேன். எங்க வீட்லயும் அப்படித்தான். ரூம் வரைக்கும் போயி, சுருட்டி வெச்ச மெத்தையப் பாத்துட்டுத் திரும்பி வருவேன். ஒங்க கனவுல வந்து நின்னு பேச அவுங்களுக்கு நேரம் இருக்கு, ஏன்னா நீங்க தூங்கறீங்க. எங்கிட்ட வரதுக்குக் கனவு எதுக்கு? மூஞ்சியக் காட்டறதுக்குள்ள நான்தான் எழுந்துடறனே."

அண்ணி காபியைக் கீழே வைத்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பிறகு கேட்டார்:

"அம்மா கட்டிலத் தட்டுவாங்களா?"

அவருக்கு அது தெரியாது. கனவில் வந்து அவ்வளவு சொன்ன அம்மா, அதை மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது.