ஹனீபா போட்ட லைன்

ஹனீபாவின் வேலை போய்ச் சில மாதங்கள் கழித்துத்தான், தவறு அவன் மேல் இல்லை என்பது தனலெட்சுமிக்குத் தெரியவந்தது.

பிறை ஊரில், கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலை. கணினி அறை அவள் பொறுப்பு. அங்கிருந்து வெளியே தகவல் கொண்டுபோகும் லைன்கள் அவன் பொறுப்பு. தொண்ணூற்றேழில், அன்றன்றைய சோதனைக் கோப்புகள் அமெரிக்கத் தலைமை அலுவலகம் போய்ச் சேர நாள் முழுக்க இழுத்தது. தொழிற்சாலைக்குள்ளேயே அனுப்பினால் கண் மூடித் திறப்பதற்குள் போனது. அப்படியானால் கணினி சரி, கோளாறு லைனில்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தனலெட்சுமியும்தான்.

“லைன் சுத்தமா இருக்கு அக்கா. ஒரு எரர் இல்லலா,” என்றான் ஹனீபா.

“கட்டின பொண்டாட்டிய கூட நீ இப்படித் தாங்கிப் பேசமாட்டே தம்பி,” என்று கேலி செய்தாள்.

மேனேஜர் தங்கராஜு இன்னும் பெரிய லைன் எடுத்தார். ஹனீபாதான் போட்டான். வேகம் துளியும் கூடவில்லை. போடத் தெரியாமல் போட்டுவிட்டான் என்று அவனை நிறுத்திவிட்டார்கள்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அவசரத்தில் ஒருநாள், ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கோப்புகளில் இரண்டைத் தனலெட்சுமி சேர்த்தே தட்டிவிட்டாள். ஒன்று போகிற நேரத்திலேயே இரண்டும் போய்ச் சேர்ந்தன. லைன் நிரம்பிக் கிடந்தால் இன்னும் மெதுவாக அல்லவா போயிருக்க வேண்டும்? துணிக்கடையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணினி கொஞ்சம் அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்று பதில் வரும்வரை சும்மா இருந்தது. பக்கத்து அறையிலிருந்து பதில் உடனே வரும். கடல் தாண்டி வர நேரமாகும். பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்ற அளவு, வாங்கி வந்தபோது இருந்தபடியே சிறிதாகக் கிடந்தது. தினமும் அவள் கைபடும் கணினியில். இரண்டு பக்கமும் அதைக் கூட்டியதும் மதியத்துக்குள் எல்லாம் போய்விட்டது.

“அப்ப ஹனீபா, சார்?”

“அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. விடுங்கலா,” என்றார் தங்கராஜு.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி, எதிரே தீவிலிருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். மனைவி மஹ்பூபாவின் அண்ணன் துணிக்கடையில் ஹனீபா துணி கிழித்துக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது.

“ரெண்டையும் ஒண்ணா அனுப்பினீங்களா? எனக்குத் தோணலையே அக்கா!” என்று சிரித்தான். பிறகு, “மேனேஜர் என்ன சொன்னாரு?” என்றான்.

சொன்னாள். அவன் துணியை மடித்தான். சரியாக வராமல் மறுபடி பிரித்து மடித்தான்.

“மஹ்பூபா உள்ளதான் இருக்கா. இத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“ஏன் தம்பி?”

“நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுத்தான், அண்ணன் கடையில நான் நிக்கிறதப் பொறுத்துக்கிட்டா. தப்பே இல்லன்னா தாங்கமாட்டா.”

மஹ்பூபா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஃபேக்டரில லைன் சரியாயிருச்சா அக்கா?”

“சரியாயிருச்சும்மா.”

“புது ஆளு கெட்டிக்காரரு போல,” என்றாள் மஹ்பூபா.

ஹனீபா அடுத்த துணியை எடுத்தான். தனலெட்சுமி தேநீரைக் குடித்தாள், நாக்கு சுட்டது.