குறைந்துபோன இருபத்தைந்து

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆகும்வரை ஃபக்ருதீன் பாய் டீயைத் தொடமாட்டார். காலையில் எடைமேடைக் கேபினில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பார். டீக்காரர் எல்லப்பன் எட்டிப் பார்த்தால், "இன்னும் பத்து நிமிசம் கெடக்குதுப்பா, அப்பறமா வா" என்பார். ஆறு வருஷமாக இதே பதில்தான்.

போச்சம்பள்ளி சிப்காட் சாலையில் லாரிகளுக்கு எடை போடுவது அவர் வேலை. கிரானைட் கம்பெனி டெஸ்பாட்ச் ஆளான நான் தினமும் லோடோடு போய் நிற்பேன். முப்பது டன் கல்லை அலட்சியமாக எடை போட்டுச் சீட்டைக் கிழித்துத் தரும் மனிதர், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் கண்ணாடியைத் துடைத்து அதிலுள்ள அளவை இரண்டு தடவை படிப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குத் தைராய்டில் புற்றுநோய். சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டார்கள். அது சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரை கொடுக்கிறது. நோய் திரும்பாமலிருக்க, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்து வந்தார்கள்: நூற்றைம்பது மைக்ரோகிராம். அந்தக் கூடுதல்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று பாய் நம்பினார்.

போன மாதம் பெங்களூர் டாக்டர் அதைக் குறைத்துவிட்டார். ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறது, நெஞ்சுத் துடிப்புதான் தாறுமாறு, இனி நூற்று இருபத்தைந்து போதும் என்றார். வேறு யாராக இருந்தாலும் இனிப்பு வாங்கி ஊருக்கே கொடுத்திருப்பார்கள். இவர் மறுநாள் கேபினில் புது அட்டையை என்னிடம் நீட்டிப் புலம்பினார்.

"முப்பது டன் வண்டில இருவது கிலோ முன்னபின்ன இருந்தா விட்ருவேன் சார். இதுல எப்படி விடறது? கொறச்ச எடத்துல அது வந்து ஒக்காந்துகிட்டா?"

அவர் விடவும் இல்லை. புது மாத்திரையோடு, மிச்சமிருந்த பழையதில் ஒரு துணுக்கை பிளேடால் வெட்டிச் சேர்த்து விழுங்கியிருக்கிறார். மூன்றாவது வாரம் எங்கள் வண்டி நம்பரை மூன்று முறை தப்பாக அடித்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேபின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி வஜிஹாவுக்குப் போன் செய்தேன்.

வஜிஹா வந்து மேஜை டிராயரைத் திறந்து பிளேடையும் பழைய அட்டையையும் எடுத்தார். சத்தம் போடவில்லை.

"அந்த நோவு வரக்கூடாதுன்னு நெஞ்ச நிறுத்திக்கப் போறீங்களா? அப்பறம் நான் யாருகிட்டங்க போயி நிக்கறது?"

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுக் கணவர் கையில் கொடுத்தார். மறுமுனையில் விழுந்த திட்டு எனக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து நூற்று இருபத்தைந்து மட்டும்தான். வீட்டில் வஜிஹா எதிரே நின்று விழுங்க வைத்துத்தான் அனுப்புகிறார். படபடப்பு குறைந்திருக்கிறது. பயம் குறையவில்லை.

நேற்று எங்கள் லாரி மேடையில் ஏறி நின்றது. திரையில் எடை வந்துவிட்டது. பாய் சீட்டு அடிக்காமல் வெளியே வந்து, சட்டையின் மேல் பித்தானைக் கழற்றித் தழும்போடு இருந்த கழுத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க சார். கட்டியாட்டம் எதுனா தட்டுப்படுதா? எனக்கு எங்கையி மேல நம்பிக்கையில்ல."

விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். எதுவும் இல்லை பாய் என்றேன். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாய் கண்ணை மூடியபடியே கழுத்தை மெல்லத் திருப்பி, மறுபக்கத்தைக் காட்டினார்.