பிராதுசாமி பேரு

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் மைக்செட் வைத்திருக்கும் கொளஞ்சியப்பனைத் தெரியாதவர் கிடையாது. கல்வராயன் மலையில் ஆடித் திருவிழா என்றால் வெள்ளிமலை வரைக்கும் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிக்கொண்டு போவார். மழை கொட்டினாலும் அவர் செட்டில் பாட்டு நிற்காது. அவர் பேரை ஊரே சொல்லும். சொல்லாத ஒரே ஆள் அவர் சம்சாரம் செவ்வந்தி.

கட்டிக்கொண்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளைப் பிறந்த வீட்டில் அனுப்பி வைத்தார்கள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால், “விருத்தாசலத்துக்கிட்ட பிராது கட்டுற சாமி பேருங்க” என்பாள். மனக்குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் விசாரித்துத் தீர்த்து வைக்கிற சாமி அந்தக் கொளஞ்சியப்பர். கடைக்காரர் புரிந்துகொண்டு எழுதிக்கொள்வார். கோயிலுக்கே போனாலும் அவள் “பிராதுசாமி” என்றுதான் கும்பிடுவாள். கொளஞ்சியப்பனுக்கு அதில் தனிப் பெருமை.

ஆனால் மனுஷனுக்கு ஒரு வியாதி. செவ்வந்தி லட்சணமானவள். அவளிடம் எவனாவது நாலு வார்த்தை சிரித்துப் பேசினால் இவருக்கு வயிறு பற்றி எரியும். இதற்காகவே மூன்று பால்காரரை மாற்றியிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சத்துணவு உதவியாளர் வேலைக்கு அவள் பேருக்கு ஒரு இண்டர்வியூ கார்டு வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் ஒரு ஆண், சின்ன வயசு, தினம் ஒரு வெள்ளைச் சட்டை. போஸ்ட்மேனிடம் கார்டை வாங்கின கொளஞ்சியப்பன், பழுதாகிக் கிடந்த ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திருப்புளியால் கழற்றி, உள்ளே கார்டை வைத்து மூடி முடுக்கிவிட்டார். தேதி தாண்டிப் போச்சு. தபாலில் தொலைந்திருக்கும் என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் தெரியாது என்று இவர் நினைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது.

போன மாசியில் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் மைக் வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பெண் பூமாலைதான் டைரக்டர். பொம்பளைகளை ஊரும் உறவும் எப்படி அழுத்தி வைக்கிறது என்று பத்து நிமிஷப் படம் எடுக்கணுமாம். அதற்கு மார்க் உண்டாம். வந்தவள் செவ்வந்தியோடு ரெண்டு நாள் அடுப்படியில் உட்கார்ந்து பேசினாள். மூன்றாம் நாள், இந்த அக்காதான் நடிக்க வேண்டும் என்று நின்றாள். கொளஞ்சியப்பன் யோசித்தார். மைக் நம்ம கையில், படம் பிடிப்பதும் நம்ம வீட்டில், கண்ணெதிரே நடக்கிறதுதானே என்று சரி சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் புருஷனாக நடிக்கிறவன் வந்து இறங்கினான். திருக்கோவிலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அரங்கநாதன். மை போட்ட மீசை, நாலடி தள்ளி நின்றாலும் அடிக்கிற சென்ட்டு. செவ்வந்தியைப் பார்த்து, “வணக்கம் மேடம்” என்றான். இருபத்தாறு வருஷத்தில் அவளை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். அவள் பவுடரைக் கொஞ்சம் கூடவே பூசியிருந்த மாதிரி கொளஞ்சியப்பனுக்குத் தெரிந்தது.

பூமாலை கதையைச் சொன்னாள். மனைவிக்கு வேலைக்கு இண்டர்வியூ கார்டு வருகிறது, புருஷன் அதை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிறான், கடைசியில் அவள் சொந்தக்காரர்கள் முன்னாலேயே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறாள். கொளஞ்சியப்பனுக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அதை யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை. அதைவிடப் பெரிய நெருப்பு ஒன்று பிடித்துக்கொண்டது. படத்தில் புருஷன் பேர் ராசு.

“ராசு, என் கார்ட குடு.”

செவ்வந்தியின் முந்தானையில் காலர் மைக், கொளஞ்சியப்பன் காதில் ஹெட்போன். அவள் மூச்சு விடுவது கூட காதுக்குள் விடுகிற மாதிரி கேட்கிறது. அந்தக் குரல் ராசு ராசு என்று எட்டு டேக்கிலும் தடங்கல் இல்லாமல் சொன்னது. மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் சோறு போட வந்தவளிடம் கேட்டேவிட்டார். “இன்னா, அவன் பேரு மட்டும் வாயில நல்லா வருது?”

“அது அவரு பேராங்க? படத்துல வெச்ச பேரு. அவரு பேரு அரங்கநாதன்.”

“அதையும் சொல்ற பாரு.”

அவள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பூமாலையிடம் போனார். புருஷன் பேரைக் கொளஞ்சியப்பன் என்று மாற்று, இல்லாவிட்டால் மைக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்றார். எவன் பேரையும் அவள் சொல்ல வேண்டியதில்லை, நம்ம பேரையும் ஒரு தடவை காதால் கேட்ட மாதிரி ஆச்சு என்பது அவர் கணக்கு. பூமாலை செவ்வந்தி முகத்தைப் பார்த்தாள். “அவரே சொல்றாரு இல்ல, வெச்சிக்க பாப்பா” என்றாள் செவ்வந்தி.

டேக் ஆரம்பித்தது. எதிரே அரங்கநாதன். வாயைத் திறந்தாள், “கொ” என்று வந்தது, நின்றுவிட்டது. அடுத்ததில் “கொள” வரைக்கும் வந்தது. அஞ்சு டேக் போச்சு. உதட்டில் வேர்த்தது. அரங்கநாதன் அனுசரணையாக, “பயப்படாதீங்க மேடம், நம்ம பேருதானே, தைரியமா சொல்லுங்க” என்றான்.

நம்ம பேராம். கொளஞ்சியப்பன் பல்லைக் கடித்தார்.

ஆறாவது டேக்கில் சொல்லிவிட்டாள். அவன் மூஞ்சிக்கு நேராக, கண்ணைப் பார்த்து. இருபத்தாறு வருஷமாக வராத பேர் வந்தது, வந்து எவனுக்கோ போய்ச் சேர்ந்தது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வினை. ஹெட்போனைப் பிடுங்கி, “சத்தம் வருது, ஒன் மோர்” என்று பொய் சொன்னார்.

அடுத்தது குளோசப், அக்கா முகம் மட்டும்தான் என்றாள் பூமாலை. அப்போ அரங்கநாதன் எதற்கு, போய் டீ குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவன் நின்ற இடத்தில் கொளஞ்சியப்பனே போய் நின்றார், ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு.

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். நேற்றிலிருந்து முகத்தில் ஒட்டியிருந்த நடிப்பு போய்விட்டது. இந்தத் தடவை நாக்கு இடறவில்லை.

“கொளஞ்சியப்பா.”

‘ங்க’ இல்லை. அவர் கேட்க ஆசைப்பட்ட குரலும் அது இல்லை.

“ஆம்ப்ளிஃபயருக்குள்ள வெச்சி முடுக்கினியே, என் கார்டு. அத குடு.”

பூமாலை ‘கட்’ சொல்லவில்லை. கொளஞ்சியப்பன் காதில் அவள் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. பதினோரு வருஷத்துப் பிராது. எந்தச் சாமி பேருக்கு என்று, படத்தில் பேரை மாற்றச் சொல்லி இவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

‘கட்’ ஆனதும் கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண், அக்கா அரிசி டப்பா என்றுதானே வசனம் என்று ஆரம்பித்தாள். பூமாலை அவள் கையை அழுத்தி நிறுத்தினாள்.

“அண்ணா, சவுண்டு ஓகேவா? இன்னொரு டேக் போலாமா?”

கொளஞ்சியப்பன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

“வாணாம்மா. கிளியரா கேட்டுச்சு.”

செவ்வந்தியைத் தாண்டி உள்ளே போனார். பரண் மேலிருந்து எதையோ இழுத்து இறக்குகிற சத்தம் வந்தது. அப்புறம் அவர் குரல், யாரையும் பார்க்காமல், திருப்புளி எங்கே என்று கேட்டது.